டர்பனில் பிள்ளைகளுக்கான வாசிப்பு, எழுத்துக் குழு: தொடங்குவதற்கு ஒரு வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி எங்கே போனாலும் ஒரு கோயில் இருக்கிறது. பல கோயில்களை ஒட்டித் தமிழ்ப் பாடசாலையும் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே எழுத்துக் கற்கிறார்கள், தேவாரம் பாடுகிறார்கள், தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் மேடை ஏறுகிறார்கள். ஆனால் ஒரு கதைப் புத்தகத்தைத் தனக்குப் பிடித்ததால் எடுத்துப் படிப்பதற்கும், மனத்தில் தோன்றியதைத் தன் போக்கில் எழுதுவதற்கும் அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. அந்த இடத்தை உருவாக்க நாங்கள் சிலர் சேர்ந்தோம். பிள்ளைகளைச் சேர்ப்பது எளிதாக இருந்தது. காகித வேலைதான் எங்களை அலைக்கழித்தது. ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். எந்தக் காகிதம் எதற்கு முன்னால் வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. நீங்களும் அப்படி அலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் குழு தமிழ் வகுப்பு அல்ல. தமிழ் வகுப்புக்குப் பாடசாலை இருக்கிறது. இங்கே பிள்ளை எழுதுவதை இன்னொருவர் ஆவலோடு படிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் குழு. கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இதைக் காப்பதற்கான ஏற்பாடுதான்.

1. யாருக்கு, எந்த மொழியில்?

ஏழு முதல் பத்து வயது வரை ஒரு குழு, பதினொன்று முதல் பதின்மூன்று வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று பிரியுங்கள். தொடக்கத்தில் ஆள் பலம் இல்லையென்றால் ஒரே ஒரு வயதுக் குழுவோடு தொடங்கலாம். மூன்றையும் ஒரே அறையில் அடைத்தால் பதினைந்து வயதுப் பையன் இரண்டாம் வாரமே நின்றுவிடுவான். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் என்பது சரியான அளவு.

மொழி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறாக எதிர்பார்ப்பதைப் பார்க்கிறேன். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காக இங்கே வந்தவர்கள், பெயரும் கோயிலும் தமிழாக இருப்பதால் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்த பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டு மொழி ஆங்கிலம். பள்ளியில் இரண்டாவது மொழியாக இசிஜூலுவோ ஆஃப்ரிகான்ஸோ படிக்கிறார்கள். கோயில் பாடல்களைக்கூட ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்தே பலர் பாடுகிறார்கள். அவர்களுடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் பெரியவர் யாரையும், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், இந்த அறைக்குள் விடாதீர்கள். மறுபக்கம், உள்ளூர்ப் பெற்றோர் சிலர், "தமிழில் எழுதுவதெல்லாம் இனி நடக்காது" என்று முன்கூட்டியே கைவிட்டுவிடுகிறார்கள். நடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

எங்கள் விதி இதுதான்: எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் தெரிந்த தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுத வேண்டும். ஆங்கில வரிக்கு நடுவில் "ஆயா" (இங்கே பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள்), "கூழ்", "சாம்பிராணி" என்று மூன்று சொற்கள் தமிழில் வந்தால் போதும். அடுத்த பருவத்தில் ஒரு வாக்கியம் வரும்.

2. இடம்: வீட்டில் தொடங்க வேண்டாம்

வரவேற்பறையில் நாற்காலி போட்டுத் தொடங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். சட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2005-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, பெற்றோர் சார்பில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் குறிப்பிட்ட நேரத்துக்குப் பார்த்துக்கொள்வது, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பகுதிநேரப் பராமரிப்பு என்று கருதப்படும். அப்படிக் கருதப்பட்டால் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். தீ பாதுகாப்பு, கழிப்பறை வசதி என்று ஆய்வுக்கு ஆள் வருவார்கள். உங்கள் ஏற்பாடு அந்த வரையறைக்குள் வருமா என்பதைச் சமூக மேம்பாட்டுத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவராவது அதே வளாகத்தில் இருப்பது என்ற ஏற்பாடு எல்லா வகையிலும் நல்லது.

நல்ல இடங்கள் இரண்டு. ஒன்று, ஏற்கெனவே இயங்கும் கோயில் பாடசாலை. நிர்வாகக் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: நாள், நேரம், வயது, பொறுப்பாளர் பெயர்கள், சாவி யாரிடம் இருக்கும், மின்சாரச் செலவு யாருடையது. அவர்கள் கூட்டத்தில் முடிவெடுத்து எழுதித் தருவதற்கு ஒரு மாதம் ஆகும். வாய்மொழிச் சம்மதத்தை நம்பிப் பிள்ளைகளை வரச்சொல்லாதீர்கள். திருமணமோ பூசையோ வந்தால் கூடம் போய்விடும். அப்போது மாற்று அறை எது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.

இன்னொன்று, டர்பனின் மாநகராட்சியான இத்தெக்வினியின் நூலகக் கிளை. நூலகருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், கூட்டம் குறைவான வார நாள் காலையில் நேரில் போய்ப் பேசுங்கள். பிள்ளைகளுக்கான நூலகரே உங்களுடைய முதல் துணை. அறை கிடைக்கிறதோ இல்லையோ, எல்லாப் பிள்ளைகளையும் நூலக உறுப்பினராக்கிவிடுங்கள். பெற்றோரின் அடையாள அட்டை, மூன்று மாதத்துக்கு மேற்படாத முகவரிச் சான்று, படிவத்தில் பெற்றோர் கையெழுத்து ஆகியவை வேண்டும். மின்சார ரசீது தாத்தா பெயரில் இருக்கும் வீடுகள் பல. அந்த வீட்டார் தாத்தாவிடமிருந்து ஒரு கடிதமும் கொண்டுவரட்டும். இல்லையென்றால் இரண்டாவது முறை போக வேண்டியிருக்கும்.

3. பெரியவர்களுக்கான சான்றுகள்

பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு பெரியவருக்கும், நீங்கள் உட்பட, இந்தச் சரிபார்ப்பு வேண்டும். "எல்லாரும் நம்ம ஆட்கள்தானே" என்று யாராவது சொன்னால் அசையாதீர்கள்.

முதலாவது, தேசியச் சிறார் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதி. பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். தன் பெயர் அதில் இல்லை என்று ஒருவர் தானே உறுதிப்படுத்திக்கொள்வதற்குப் படிவம் 30 இருக்கிறது. சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் உண்டா என்று அனுப்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே அடையாள அட்டையின் சான்றளிக்கப்பட்ட நகல் வைக்க வேண்டும்; வெளிநாட்டவர் என்றால் கடவுச்சீட்டின் நகல். சான்றளிப்பதைக் காவல் நிலையத்தில் இலவசமாகவே செய்து தருவார்கள். முத்திரைத் தேதி மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. ஆகவே ஆறு மாதத்துக்கு முன் எடுத்துவைத்த நகலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள்.

இரண்டாவது, பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு. இது வேறு துறை, நீதித் துறையின் கையில் இருக்கிறது. முதல் பதிவேட்டின் சான்று கையில் இருப்பதால் இது தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தனித்தனி, இரண்டுமே வேண்டும்.

மூன்றாவது, காவல் துறையின் நன்னடத்தைச் சான்று. கைரேகை எடுக்க வேண்டும். கட்டணம் சுமார் 200 ரேண்ட், ஆண்டுதோறும் மாறும். கோயில் நிர்வாகம் கேட்டால் மட்டும் எடுத்தால் போதும்.

காலக் கணக்கு முக்கியம். பதில் சில வாரங்களில் வரவும் செய்யும், இரண்டு மாதம் இழுக்கவும் செய்யும். ஜனவரியில் குழு தொடங்க வேண்டுமென்றால் படிவங்கள் அக்டோபரிலேயே போயிருக்க வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை அலுவலகங்களில் எதுவும் நகராது. சான்று வராத பெரியவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது. சான்று வந்தவரும் மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது.

4. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய தாள்

ஒரே தாளில் எல்லாவற்றையும் கேட்டுக் கீழே ஒரு கையெழுத்து வாங்குவது தவறு. தனித்தனிக் கட்டங்களாகப் பிரியுங்கள். பிள்ளை குழுவில் சேர்வதற்குச் சம்மதம், அவசரத் தொலைபேசி எண், ஒவ்வாமை, மருந்து விவரம், யார் வந்து அழைத்துப் போகலாம், புகைப்படம் எடுக்கலாமா, எழுதியதைத் தொகுப்பில் அச்சிடலாமா. ஒருவர் முதல் நான்குக்குச் சம்மதித்துக் கடைசி இரண்டையும் மறுக்கலாம். அதை மதியுங்கள்.

போபியா என்று எல்லாரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தகவலைத் திரட்டப் பொதுவாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பிள்ளைகளையே அந்தக் குழுவில் சேர்க்காதீர்கள். பெற்றோர் மட்டும் போதும். படிவங்களைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். பிள்ளை குழுவை விட்டுப் போனால் அந்தத் தாளை அழித்துவிடுங்கள்.

5. பதிவு செய்ய வேண்டுமா?

முதல் ஆண்டு வேண்டாம் என்பதே என் கருத்து. கோயிலின் கீழோ நூலகத்தின் கீழோ இயங்குங்கள். நன்கொடை கணிசமாக வரத் தொடங்கும்போது இலாப நோக்கற்ற அமைப்பாகச் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்யலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. எழுதப்பட்ட அமைப்பு விதிகள், பொறுப்பாளர்களின் அடையாள நகல்கள், விண்ணப்பப் படிவம் ஆகியவை வேண்டும். பொறுப்பாளர்கள் மூன்று பேராவது ஒருவருக்கொருவர் உறவினராக இல்லாமல் இருக்க வேண்டும். அக்காவும் அத்தானும் நீங்களும் சேர்ந்தால் போதாது. பதிவு கிடைத்த பிறகு ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் பதிவு நீக்கப்படும். பதிவு வாங்கித்தருகிறேன், சீக்கிரம் முடித்துத்தருகிறேன் என்று வரும் இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

6. நாள்காட்டி

பள்ளி ஆண்டு நான்கு பருவம். ஒவ்வொரு பருவத்திலும் எட்டு வாரம் மட்டும் குழுவுக்கு என்று வையுங்கள். பருவத்தின் முதல் வாரமும் கடைசி வாரமும் யாரும் வரமாட்டார்கள். மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை உயர்நிலைப் பள்ளித் தேர்வு. அந்தச் சமயம் பதின்வயதுக் குழுவை நிறுத்திவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஜூலைக்குப் பிறகு தொந்தரவு செய்யக் கூடாது.

கோயில் நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசக் காவடி, ஈஸ்டர் நாள்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா, ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிறுகள், புரட்டாசிச் சனிக்கிழமைகள் ஆகிய நாள்களில் கூட்டம் வைத்தால் காலி அறைதான் கிடைக்கும். எங்களுக்குச் சரிப்பட்டது ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம், பாடசாலை வகுப்புக்கு முன்னால். வகுப்பு முடிந்த பிறகு வைத்தால் பிள்ளைகள் பசியிலும் களைப்பிலும் இருப்பார்கள்.

7. புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

இந்தியாவிலிருந்து வரவழைக்கும் புத்தகத்தின் விலை குறைவு, ஆனால் வந்து சேரும் செலவு பெரிது. அதோடு 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேரும். ஊருக்குப் போய்வரும் உறவினர் பெட்டியில் ஐந்து கிலோ இடம் கேட்டு வாங்கிக்கொள்வதே சிறந்த வழி. என்ன வாங்க வேண்டும் என்ற பட்டியலை நீங்களே எழுதிக் கொடுங்கள். "பிள்ளைகளுக்கு ஏதாவது" என்று சொல்லி அனுப்பினால் நீதிக்கதைத் தொகுப்பு நான்கு வரும்.

காசில்லாத நல்ல வழி ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இணையத்தளம். தமிழில் ஏராளமான படக்கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் நிலை 250 சொற்களுக்குள் அடங்கும். நான்காவது நிலை நீண்ட கதை. பதிவிறக்கி அச்சிடலாம், மூலத்தைக் குறிப்பிட்டு மாற்றி எழுதவும் உரிமம் அனுமதிக்கிறது. பல கதைகள் ஆங்கிலத்திலும் தமிழிலும், சில இசிஜூலுவிலும் இருக்கின்றன. ஒரே கதையை இரண்டு மொழியில் பக்கத்துப் பக்கம் அச்சிட்டுக் கொடுத்தால், தமிழ் எழுத்து மட்டும் தெரிந்து பொருள் தெரியாத பிள்ளைக்கு அது பெரிய கைத்தாங்கல். மொபைல் டேட்டாவைச் செலவழிக்காமல், வைஃபை உள்ள இடத்தில் ஒரு பருவத்துக்கானதை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் நலிபாலி இயக்கமும் வாசிப்புக் குழுக்களுக்கான கதைகளையும் குறிப்புகளையும் இலவசமாகத் தருகிறது. தமிழில் இல்லை, ஆனால் சத்தமாக வாசித்துக் காட்டுவது எப்படி என்று புதியவர்கள் கற்க மிகவும் உதவும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் தமிழ் முதல் நிலையில் இருக்கும்; அவளுடைய மனமோ ஆங்கிலத்தில் முந்நூறு பக்க நாவல் படிக்கும் நிலையில் இருக்கும். அவள் கையில் குட்டி யானைக் கதையைக் கொடுத்தால் அவமானப்படுவாள். அதே கதையை, "அடுத்த வாரம் சின்னப் பிள்ளைகளுக்கு நீதான் வாசித்துக்காட்ட வேண்டும், ஒத்திகை பார்த்துக்கொள்" என்று கொடுங்கள். வீட்டில் பத்து முறை படித்துவிட்டு வருவாள்.

8. எழுத வைப்பது

ஒன்றரை மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் பெரியவர் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, கடைசியில் நீதி சொல்லவும் கூடாது. அடுத்த இருபது நிமிடம் ஆளுக்கொரு மூலையில் அவரவர் புத்தகம். பிறகு எழுத்து. கடைசிப் பதினைந்து நிமிடம், விரும்புகிறவர்கள் மட்டும் வாசித்துக்காட்டலாம்.

"என் பொங்கல் விடுமுறை", "மரம் வளர்ப்போம்" போன்ற தலைப்புகளைக் கொடுக்காதீர்கள். அவற்றுக்குப் பிள்ளைகள் பள்ளியில் பழகிய கட்டுரையைத்தான் எழுதுவார்கள். எங்கள் குழுவில் பலித்தவற்றைச் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து ஒரு பொருள். குத்துவிளக்கு, அம்மிக்கல், மங்கிய புகைப்படம், ரசப்பொடி டப்பா என்று எதுவானாலும் சரி. "இது ஏன் முக்கியம்?" என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். "இது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? கடைசியாக இதைத் தொட்டது யார்? உடைந்துவிட்டால் யார் முதலில் திட்டுவார்கள்?" என்று கேளுங்கள். எழுதத் தொடங்கிவிடும்.

நடந்த ஒன்று. டர்பன் பிள்ளைகளிடம் குரங்குக் கதை இல்லாதவரே இல்லை. "குரங்கு சமையலறைக்குள் வந்தது, ரொட்டியை எடுத்தது, போய்விட்டது" என்று ஒரு வரியில் முடித்துக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "நன்றாக இருக்கிறது, இன்னும் எழுது" என்று சொல்வது பயனில்லாத பேச்சு. "எந்தச் சன்னல் வழியாக வந்தது? முதலில் எதை எடுத்துப் பார்த்தது? ஆயா என்ன சொல்லிக் கத்தினார்? அதை அவர் சொன்னபடியே எழுது" என்று கேட்டால் அடுத்த கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் நிறையும். ஆயா கத்தியது பெரும்பாலும் தமிழில்தான் இருக்கும். அந்த இடத்தில் தமிழ் எழுத்து தானாக வந்து உட்காரும்.

கேட்டு எழுதுவது. தாத்தாவையோ பக்கத்து வீட்டு ஆயாவையோ பேசவிட்டுத் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்து, அதில் இரண்டு நிமிடத்தை மட்டும் எழுத்தில் கொண்டுவர வேண்டும். பதிவு செய்யலாமா என்று முன்னால் கேட்பதற்குப் பிள்ளையைப் பழக்குங்கள். சிலசமயம் குடும்பத்துக்குள் இருக்க வேண்டிய சேதி வெளியே வந்துவிடும். அதைக் குழுவில் வாசிக்க விடாமல், பிள்ளையோடு தனியே, ஆனால் எல்லாருக்கும் கண்ணில் படும் இடத்தில் அமர்ந்து பேசி ஒதுக்கிவையுங்கள்.

2021 ஜூலைக் கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் பார்த்த பிள்ளைகள் குழுவில் இருப்பார்கள். அவற்றை நீங்கள் தலைப்பாகக் கொடுக்காதீர்கள். பிள்ளை தானாக எழுதினால் பொறுமையாகக் கேளுங்கள். எழுத்தில் அடி, கொடுமை, தொடக் கூடாத தொடுதல் பற்றிய குறிப்பு வந்தால் அது இலக்கியம் பற்றிய விஷயமே அல்ல. நீங்களாக விசாரணை நடத்தாமல், உடனே சமூகப் பணியாளரிடமோ காவல் துறையிடமோ சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே எழுதி, எல்லாப் பொறுப்பாளர்களிடமும் கொடுத்துவிடுங்கள்.

9. பதின்வயதினருக்குத் தனி வழி

இவர்களுக்கு முதல் பத்து நிமிடம் கையை எடுக்காமல் எழுதும் நேரம். அந்தத் தாளை யாரும் பார்க்கக் கூடாது, நீங்களும் பார்க்கக் கூடாது. அந்த வாக்கைக் காப்பாற்றினால்தான் மூன்றாம் வாரம் எதையாவது காட்டுவார்கள். கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுவிட்டுக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குவதைத் தடுக்கப் பிரசங்கம் தேவையில்லை. கையால், அறையிலேயே, தன் வீட்டு விஷயத்தை எழுதினால் அதற்கு வேலை இல்லை.

இவர்களுக்கு நான் கண்ட மிகச் சிறந்த பயிற்சி கப்பல் பட்டியல். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்த 1,52,184 பேரின் விவரம் கப்பல்வாரியாகப் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், ஊர், உடலிலிருந்த தழும்பு அல்லது மச்சம். ஏறக்குறைய இவ்வளவுதான் ஒருவரைப் பற்றி எழுதி வைத்திருப்பார்கள். குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியலில் தேட உதவுகிறது. வீட்டில் இருக்கும் பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் அந்த எண் இருக்கும். அது கிடைத்தால் தேடுவது எளிது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் எழுத்துக்கூட்டல் விதவிதமாக இருப்பதால் வாரக்கணக்கில் ஆகும். ஆகவே பருவத்தின் முதல் வாரமே வீட்டில் கேட்கச் சொல்லுங்கள். எண் கிடைக்காத பிள்ளை எந்தப் பதிவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "நெற்றியில் தழும்பு, வயது 19" என்ற ஒரு வரியிலிருந்து அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று ஒரு கதை எழுத வேண்டும். வரலாற்றைச் சரிபார்க்கும் வேலையில்லை, கற்பனைதான். அம்மாவின் சமையலறைப் பேச்சைத் தவிர வேறு தமிழ் தெரியாத பையன் ஒருவன், தன் கொள்ளுத்தாத்தாவின் ஊர்ப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

டர்பன் 2017 முதல் யுனெஸ்கோவின் இலக்கிய நகரம். பொயட்ரி ஆஃப்ரிகா போன்ற விழாக்கள் இங்கே நடக்கின்றன. மூத்த பிள்ளைகளை ஒரு முறையாவது அழைத்துப் போங்கள். எழுதுகிறவர் என்று ஒரு மனிதர் இருக்கிறார், அவர் பஸ் பிடித்து வருகிறார் என்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

10. திருத்துவது

முதல் வரைவில் சிவப்பு மை கூடாது. ர, ற குழப்பம், ல, ள, ழ குழப்பம், ஒற்று எல்லாம் அச்சுக்குப் போகும் வரைவில் மட்டும் திருத்த வேண்டும். அதையும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பெரியவர் கதையை "அழகாக்கி" மாற்றி எழுதுவதுதான் மிக மோசம். அச்சில் தன் வரியைத் தேடிக் காணாத பிள்ளை மறுபடியும் எழுதாது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்பதும் முதல் ஆண்டில் வேண்டாம். போட்டி வேண்டுமானால் வேறு மேடைகள் இருக்கின்றன.

11. செலவுக் கணக்கு

பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பருவத்துக்கு: குறிப்பேடு சுமார் 225 ரேண்ட், பேனா, பென்சில் 150, முந்நூறு பக்க நகல் 450, எட்டு வாரச் சிற்றுண்டி 1,200, சில புத்தகங்கள் 1,000. மொத்தம் சுமார் 3,000 ரேண்ட். கடைக்குக் கடை இது மாறும். சிற்றுண்டியைப் பெற்றோர் முறைபோட்டுக் கொண்டுவந்தால் சுமார் 1,800 ரேண்டாகக் குறையும். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதீர்கள். காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை காரணம் சொல்லாமல் நின்றுவிடும். அந்தப் பிள்ளைதான் பெரும்பாலும் நன்றாக எழுதும். நன்கொடை வந்தால் ரசீது கொடுத்து, கணக்கைப் பருவத்துக்கு ஒரு முறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

12. தொகுப்பு நூல்

ஆண்டுக்கு ஒரு சிறு நூல் அச்சிடுங்கள். செப்டம்பர் 24 மரபு நாள் வெளியிட ஏற்ற நாள். குடும்பங்கள் எல்லாம் விடுமுறையில் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜூலை கடைசிக்குள் எழுத்துகள் முடிய வேண்டும், ஆகஸ்ட் முதல் பாதியில் பக்க அமைப்பு, நடுவில் மெய்ப்பு, செப்டம்பர் முதல் வாரம் அச்சகம்.

ஏ5 அளவில் 48 பக்கம், கறுப்பு வெள்ளை, நடுவில் பின் அடித்தது என்றால் பிரதிக்கு 40 முதல் 50 ரேண்ட் ஆகும் என்று கணக்கிட்டுக்கொண்டு, மூன்று அச்சகங்களில் விலை கேளுங்கள். பின் அடிக்கும் நூலில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும்.

தமிழ் எழுத்துரு இங்கே பெரிய தலைவலி. உள்ளூர் அச்சகங்களில் தமிழ் தெரிந்தவர் இருப்பது அரிது. உங்கள் கோப்பை அவர்கள் கணினியில் திறந்தால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து ஓடும், அவர்களுக்கு அது தெரியவும் செய்யாது. யூனிகோடில் தட்டச்சு செய்து, நோட்டோ தமிழ் போன்ற இலவச எழுத்துருவில் நீங்களே பக்கம் அமைத்து, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கோப்பாக மட்டும் கொடுங்கள். ஒரே ஒரு பிரதியை அச்சிட்டு வாங்கி, "கொ", "கௌ", "ஸ்ரீ" வரும் இடங்களை விரல் வைத்துப் பார்த்த பிறகே மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

எழுத்தின் உரிமை பிள்ளையுடையது. இந்த ஒரு பதிப்பில் அச்சிட மட்டும் அனுமதி என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். நூலில் முதல் பெயரும் வயதும் போதும். பள்ளிப் பெயர், தெருப் பெயர், புகைப்படம் வேண்டாம்.

நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை பிரிட்டோரியாவிலுள்ள தென்னாப்பிரிக்க தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. காசு வாங்கித் தருகிறவர்களிடம் போகாதீர்கள். பக்க அமைப்பு தொடங்கும்போதே மின்னஞ்சலில் விண்ணப்பித்துவிடுங்கள். எண் வந்த பிறகுதான் உரிமைப் பக்கத்தை முடிக்க முடியும். 1997-ஆம் ஆண்டுச் சட்ட வைப்புச் சட்டப்படி, வெளியான நூலின் பிரதிகளை உரிய நூலகங்களுக்கு நம் செலவில் அனுப்ப வேண்டும். எத்தனை பிரதி, எந்த முகவரி என்று அதே மின்னஞ்சலில் கேட்டு, அந்த எண்ணிக்கையை அச்சிடும் பிரதிகளில் சேர்த்துவிடுங்கள். எழுதிய பிள்ளைக்கு இரண்டு, கதை சொன்ன ஒவ்வொரு முதியவருக்கும் ஒன்று, இடம் தந்த கோயிலுக்கும் கிளை நூலகத்துக்கும் இரண்டிரண்டு என்றும் கூட்டிக்கொள்ளுங்கள். அறுபது பிரதி போதும் என்று தொடங்கும் கணக்கு இப்படியே எண்பதைத் தொடும். விலை கேட்கும்போதே எண்பதுக்கும் நூறுக்கும் கேட்டு வையுங்கள்.

வெளியீட்டு நாளில் மேடைப் பேச்சாளர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். மீதி நேரம் முழுவதும் பிள்ளைகள் வாசிக்கட்டும். நான்காம் பருவத்துக்கான பெயர்ப் பதிவுத் தாளையும் பேனாவையும் அன்றைக்கே வாசல் மேசையில் வைத்துவிடுங்கள்.